அதிகாலை மூன்று மணி விழிப்பை எதைக் கொண்டு அளப்பது? கட்டுப்பாட்டு அறைப் பணி குறித்து ஒரு விவாதம்

மூன்றாம்ஷிப்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓர் அனல்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் பணிபுரிவோருக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். இரவு ஷிப்டில் ஆபரேட்டர்களின் களைப்பும் மனநிலையும் அவர்களது வேலையை எந்த அளவுக்குப் பாதிக்கின்றன என்று அளந்து பார்க்க நிர்வாகம் இசைந்திருக்கிறது. முதற்கட்டமாகக் கரோலின்ஸ்கா தூக்க அளவுகோலைக் கையாண்டோம். 1990-இல் சுவீடன் ஆய்வாளர்கள் உருவாக்கிய இந்த அளவுகோலில் ஒன்பது படிகள் உண்டு. ஒன்று என்றால் மிகுந்த விழிப்பு. ஒன்பது என்றால் தூக்கத்தோடு போராடிக்கொண்டிருக்கும் நிலை. ஷிப்டின் நடுவில் ஒவ்வொருவரும் தமக்குப் பொருந்தும் எண்ணை வட்டமிட வேண்டும், அவ்வளவுதான்.

அதிகாலை மூன்று மணிக்கு ஏறக்குறைய எல்லோருமே மூன்று அல்லது நான்கைத்தான் வட்டமிடுகிறார்கள். அதாவது, விழிப்போடு இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் அலாரம் பதிவேட்டைப் புரட்டினால், அதே நேரத்தில் திரையில் எழும் எச்சரிக்கையைக் கண்டு பொத்தானை அழுத்துவதற்கு ஆகும் நேரம் மாலை ஷிப்டைக் காட்டிலும் தெளிவாகக் கூடியிருக்கிறது. அதைவிடக் கவலை தருவது அலாரம் அடிப்பதற்கு முந்தைய நேரம். பாய்லர் டிரம்மின், அதாவது நீரும் நீராவியும் பிரியும் கலனின், நீர்மட்டம் மெல்ல மெல்ல இறங்குவதைத் திரையில் உள்ள கோட்டைப் பார்த்தே உணர்ந்து சரிசெய்வது நல்ல ஆபரேட்டரின் வழக்கம். பகலில் அதைச் செய்கிறவர்களே இரவில் அலாரம் அடிக்கும் வரை காத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் பதிவேடு சொல்வதையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது, எதை நம்பி ஷிப்ட் அட்டவணையை மாற்றுவது என்பதே என் கேள்வி.

மனவியல்மாணவி எழுதியது:

வணக்கம் ஐயா. உங்கள் ஆபரேட்டர்கள் பொய் சொல்வதாகக் கருத வேண்டியதில்லை. தமக்கு எப்படித் தோன்றுகிறதோ அதை அவர்கள் நேர்மையாகவே குறித்திருக்கக்கூடும். தூக்கம் குறையக் குறைய, அந்தக் குறைவை உணரும் திறனும் மங்கிவிடுகிறது என்பதுதான் இத்துறையில் மிகவும் உறுதியாகக் காட்டப்பட்ட முடிவுகளில் ஒன்று.

2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டோங்கன், டேவிட் டிங்கஸ் ஆகியோரின் குழு வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. உடல்நலம் உள்ள 48 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் 14 நாள்கள் இரவுக்கு எட்டு மணி நேரமும், இன்னொரு பிரிவினர் ஆறு மணி நேரமும், மூன்றாம் பிரிவினர் நான்கு மணி நேரமும் படுக்கையில் இருக்க அனுமதிக்கப்பட்டார்கள். நான்காம் பிரிவினர் தொடர்ந்து மூன்று இரவுகள் தூங்கவே இல்லை. ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனத் தவறுகள் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போய், இரண்டு வாரத்தின் முடிவில் இரண்டு இரவுகள் வரை முற்றிலும் தூங்காதவர்களின் நிலைக்கு நிகராகிவிட்டன. ஆனால் எவ்வளவு தூக்கமாக இருக்கிறது என்று அவர்களையே கேட்டபோது கிடைத்த மதிப்பெண் முதல் சில நாள்கள் ஏறி, பிறகு பெரிதாக மாறாமல் நின்றுவிட்டது. இதற்குப் பழகிவிட்டோம் என்ற எண்ணம் அவர்களுக்கு வந்த அதே நாள்களில் தவறுகள் கூடிக்கொண்டிருந்தன.

அந்த ஆய்வில் கவனத்தை அளக்கப் பயன்பட்ட கருவிகளுள் முதன்மையானது, 1985-இல் டிங்கஸும் ஜான் பவலும் வகுத்த உளவியக்க விழிப்புச் சோதனை. சிறிய திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு முதல் பத்து நொடி வரை, முன்கூட்டி ஊகிக்க முடியாத இடைவெளிகளில், மில்லிநொடிகளைக் காட்டும் எண் ஓடத் தொடங்கும். கண்டவுடன் பொத்தானை அழுத்தி அதை நிறுத்த வேண்டும். பத்து நிமிடமும் இதே வேலைதான். அழுத்துவதற்கு 500 மில்லிநொடியை, அதாவது அரை நொடியைத் தாண்டினால் அது கவனத் தவறாகக் கணக்கிடப்படும். கற்றுத் தேர்வதற்கு இதில் எதுவும் இல்லை என்பதால், ஒருவரை நூறு முறை சோதித்தாலும் பயிற்சியால் மதிப்பெண் ஏறிவிட்டது என்று ஐயுற வேண்டியதில்லை.

தண்டவாளம் எழுதியது:

நான் ஓய்வு பெற்ற லோகோ பைலட். சரக்கு வண்டியிலும் பயணி வண்டியிலும் பல ஆண்டுகள் இரவுப் பணி செய்தவன் என்ற முறையில், மேலே சொன்னதை வரிக்கு வரி ஏற்கிறேன்.

எங்கள் எஞ்சினில் விஜிலன்ஸ் கன்ட்ரோல் டிவைஸ் என்று ஒன்று உண்டு. ஏறத்தாழ ஒரு நிமிடம் வரை வேகக் கட்டுப்பாடு, பிரேக், ஹாரன் எதையும் தொடாமல் இருந்தால் முதலில் விளக்கு மினுக்கும், பிறகு ஒலி எழும், அதற்கும் அசையாவிட்டால் பிரேக் தானாகப் பிடித்து வண்டி நின்றுவிடும். கருவி நல்ல கருவிதான். ஆனால், தொடர்ந்து இரவுப் பணி பார்த்தவனுடைய கை, விளக்கு மினுக்கியதும் பொத்தானைத் தேடிப் போய் அழுத்திவிடும். அழுத்திய நினைவே பிறகு இருக்காது. கண் திறந்திருக்கும், கை வேலை செய்யும், அடுத்த சிக்னல் மஞ்சளா பச்சையா என்பது மட்டும் மனத்தில் பதிந்திருக்காது. ஆள் விழித்திருக்கிறானா என்பதற்கு அந்தப் பொத்தான் சான்று சொல்லும். கவனித்துக்கொண்டிருக்கிறானா என்பதற்குச் சொல்லாது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் பல இடங்களில் பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யப்படுகின்றன.

எங்களைக் காப்பாற்றியது சிக்னலை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம். லோகோ பைலட் கையை நீட்டிச் சிக்னலின் நிறத்தைச் சொல்வார், உதவி லோகோ பைலட் அதைத் தானும் பார்த்துத் திரும்பச் சொல்வார். ஜப்பான் ரயில்வேயில் இது இன்னும் கண்டிப்பான முறையாக இருக்கிறது. அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-இல் நடத்திய சோதனையில், எளிய வேலை ஒன்றில் நூறு செயலுக்கு 2.38 ஆக இருந்த பிழை, சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தது. மனத்தின் நிலையை அளப்பதோடு, தளர்ந்த மனத்துக்கு ஊன்றுகோல் கொடுப்பது பற்றியும் இந்த இழையில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எண்கணக்கு எழுதியது:

அளவை முறை பற்றி மட்டும் ஒரு செய்தி. மூன்றாம்ஷிப்டு அவர்கள் அலாரத்துக்கு ஆகும் நேரத்தின் சராசரியை ஒப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். இத்தகைய தரவில் சராசரி பெரிதும் ஏமாற்றும். எடுத்துக்காட்டாக, ஒருவர் 80 முறை பொத்தானை அழுத்துகிறார் என்று கொள்வோம். 77 முறை கால் நொடியில் அழுத்திவிட்டு மூன்று முறை மட்டும் இரண்டு நொடி எடுத்துக்கொண்டால், சராசரி 250 மில்லிநொடியிலிருந்து 316 மில்லிநொடிக்குத்தான் ஏறும். காகிதத்தில் அது சிறு சரிவாகத் தெரியும். உண்மையில் அவர் மூன்று முறை இவ்வுலகில் இல்லை. களைத்த மனம் எல்லா நேரமும் சற்று மெதுவாக ஓடுவதில்லை; பெரும்பாலும் இயல்பாக ஓடி, இடையிடையே அறுந்துபோகிறது. ஆகவே தவறுகளின் எண்ணிக்கையைத் தனியாக எழுதுங்கள். சராசரி வேண்டும் என்றால் நேரத்தின் தலைகீழ் எண்ணை, அதாவது வேகத்தை எடுத்துச் சராசரி காணுங்கள். எப்போதாவது வரும் மிக நீண்ட நேரங்கள் அப்போது கணக்கைக் குலைக்காது.

ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாதீர்கள் என்பதும் முக்கியம். தூக்கக் குறைவைத் தாங்கும் திறனில் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரிது. அந்த வேறுபாடு அந்தந்த ஆளிடம் நிலையாகவும் இருக்கிறது. நன்கு ஓய்வெடுத்த ஒரு நாளில் அவரவரை அளந்து, அதையே அவரவருக்கு அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நேர்க்கேள்வி எழுதியது:

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. பத்து நிமிடம் எண்ணைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவது யாரையும் சலிப்படையச் செய்யும். அதில் தவறுகிறவர் பாய்லரை இயக்குவதிலும் தவறுவார் என்று எப்படிச் சொல்வது? இருபது ஆண்டு அனுபவம் உள்ளவருக்குக் கருவியின் ஓசை சற்று மாறினாலே விழிப்பு வந்துவிடும். மேலும், கொஞ்சம் பதற்றமும் அழுத்தமும் இருந்தால்தான் வேலை நன்றாக நடக்கும், அளவு மீறினால்தான் கெடும் என்று எல்லா மேலாண்மை நூல்களிலும் ஏறி இறங்கும் தலைகீழ் யு வளைகோடு போட்டுக் காட்டுகிறார்கள். இரவில் எதிர்பாராத சோதனை வரும் என்று ஆபரேட்டர்களுக்குத் தெரிந்திருந்தால் போதாதா?

மனவியல்மாணவி எழுதியது:

நேர்க்கேள்வி அவர்கள் எழுப்பியவை தேவையான ஐயங்கள், ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வளைகோடு 1908-இல் ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் எலிகளைக் கொண்டு செய்த சோதனையிலிருந்து கிளைத்தது. வெள்ளைப் பெட்டிக்கும் கருப்புப் பெட்டிக்கும் உள்ள வேறுபாட்டை எலி கற்றுக்கொள்ள வேண்டும். தவறான பெட்டிக்குள் நுழைந்தால் மின்னதிர்ச்சி கிடைக்கும். வேறுபாடு எளிதில் தெரியும்படி இருந்தபோது அதிர்ச்சி கூடக் கூட எலி விரைவாகக் கற்றது. வேறுபாட்டைக் காண்பது கடினமாக்கப்பட்டபோதுதான் நடுத்தர அதிர்ச்சி சிறந்ததாகவும் வலுவான அதிர்ச்சி தீங்காகவும் ஆயிற்று. மேலாண்மை நூல்களில் அச்சிடப்படும் ஒற்றை வளைகோட்டில் வேலையின் கடினம் என்ற இந்தப் பாதி விடுபட்டுப்போகிறது. பாய்லர் கோளாறு ஒன்றின் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினமான வேலை. அந்த நேரத்தில் அச்சத்தைக் கூட்டினால், எதிரே இருக்கும் ஒரே ஒரு எண்ணின் மீது பார்வை குவிந்து, ஓரத்தில் உள்ள தகவல்கள் கண்ணில் படாமல் போகும். 1972-இல் ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தில் விழுந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில், தரையிறங்கு சக்கரத்தின் விளக்கு ஏன் எரியவில்லை என்பதில் விமானிகளின் முழுக் கவனமும் மூழ்கியிருந்தது. தானியங்கி விமானியின் உயரக் கட்டுப்பாடு விலகி விமானம் மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. அன்று உயிரிழந்தவர்கள் நூற்றுக்கும் மேல். எரியாத விளக்கில் இருந்த கோளாறு கருகிப்போன பல்பு மட்டுமே.

அனுபவம் காக்கும் என்பதற்கு மங்களூரு விபத்தை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். 2010 மே 22 காலையில் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 விமானம் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் விழுந்து 158 பேர் மாண்டார்கள். விமானத்தின் தலைமை விமானி பத்தாயிரம் மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். விமானி அறையின் ஒலிப்பதிவு இரண்டு மணி ஐந்து நிமிடம் நீண்டது. அதில் முதல் ஒரு மணி நாற்பது நிமிடம் அவர் உறங்கிக்கொண்டிருந்ததாக விசாரணைக் குழு கண்டது. தரையிறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழும்படி துணை விமானி மூன்று முறை சொல்லியும் அவர் தொடர்ந்து இறங்கினார். நெடுநேரத் தூக்கத்திலிருந்து எழுந்த மயக்கமும் அதனால் மங்கிய தீர்ப்பும் காரணங்களுள் அடங்கக்கூடும் என்று அறிக்கை சுட்டியது. இரவு இரண்டு முதல் காலை ஆறு வரை உடலின் கடிகாரமே நம்மைத் தாழ்நிலைக்கு இழுக்கிறது. அனுபவம் அந்தக் கடிகாரத்தை நிறுத்துவதில்லை.

சலிப்பூட்டும் சோதனை என்ற குற்றச்சாட்டு உண்மை. அந்தச் சலிப்பு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த வீரர்கள் நேரம் செல்லச் செல்ல நீர்மூழ்கிகளைத் தவறவிடுவதைக் கண்டு, நார்மன் மாக்வொர்த் கேம்பிரிட்ஜில் ஒரு கடிகாரச் சோதனையை அமைத்தார். எண்களே இல்லாத வெற்று முகப்பில் முள் நொடிக்கு ஒரு படி நகரும். எப்போதாவது ஒரு முறை இரண்டு படி தாவும். அதைக் கண்டால் தெரிவிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் நடந்த அந்தச் சோதனையில், முதல் அரை மணி நேரம் முடிவதற்குள்ளேயே கண்டுபிடிக்கும் திறன் சரியத் தொடங்கிவிட்டது. 1948-இல் வெளியான அந்த முடிவு, கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கும் எவருக்கும் இன்றும் பொருந்தும். எதிர்பாராத சோதனை பற்றிக் கேட்டீர்கள். நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்து இன்னும் நன்றாகச் செய்யும்படி கேட்டுக்கொண்டபோது திறன் உயர்ந்தது. ஆனால் சற்று நேரத்துக்குத்தான்.

மருந்துத்தட்டு எழுதியது:

நான் செவிலியர். பன்னிரண்டு மணி நேர இரவுப் பணி எங்களுக்கு வழக்கமானது. பாய்லர் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் எந்த வேலை குலைகிறது, எது குலையாமல் நிற்கிறது என்பதில் ஒரு வேறுபாடு இருக்கிறது, அதைச் சொல்ல விரும்புகிறேன்.

அதிகாலையில் நரம்பு கண்டு ஊசி போடுவதில் என் கை தவறியதில்லை. இரத்த அழுத்தம் பார்ப்பதும் குறித்து வைப்பதும் எப்போதும் போல நடக்கும். தடுமாற்றம் வருவது இன்சுலின் எடுக்கும்போது. நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் செறிவுள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் செறிவுள்ளதும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்ச் நாற்பதுக்கு, ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் நூறுக்கு. இரண்டையும் மாற்றி எடுத்துவிட்டால், சிரிஞ்சில் உள்ள கோடு சரியாக இருக்கும், உடலுக்குள் போகும் அளவு இரண்டரை மடங்கு பிழையாகிவிடும். பகலில் குப்பியின் எழுத்தையும் மூடியின் நிறத்தையும் சேர்த்துப் பார்ப்பது என்னை அறியாமலே நடக்கிறது. விடியற்காலையில் அதையே வலிந்து செய்ய வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்துப் படுக்கையிலிருந்து யாராவது கூப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால், எந்தப் படியில் விட்டேன் என்பது நினைவில் நிற்பதில்லை. நோயாளியின் அட்டையை மட்டும் பார்த்தால் நான் அன்று குறையின்றி வேலை செய்ததாகவே தோன்றும். அதற்கு நான் கொடுத்த விலை அட்டையில் இராது.

மனவியல்மாணவி எழுதியது:

சகோதரி சொன்னது இந்த விவாதத்தின் மையம் என்று கருதுகிறேன். உளவியலாளர் ராபர்ட் ஹாக்கி 1997-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத்தான் விளக்கினார்: களைப்பிலும் அழுத்தத்திலும் மனிதர் முதன்மையான வேலையைக் கூடுதல் முயற்சியால் காப்பாற்றிக்கொள்கிறார், இழப்பு ஓரங்களில் ஏற்படுகிறது. சரிபார்ப்பது குறையும், குறுக்கு வழி கூடும், முன்கூட்டித் திட்டமிடுவது நின்றுபோகும். டிரம் நீர்மட்டம் இறங்குவதை முன்னரே பார்க்காமல் அலாரம் வரை காத்திருப்பது அந்த வகைதான். பதற்றம் பற்றி மைக்கேல் ஐசெங்கும் மானுவல் கால்வோவும் 1992-இல் சொன்னதும் இதற்கு நெருங்கியது. பதற்றமுள்ளவர் பெறும் விடை மற்றவருடையதைப் போலவே சரியாக இருக்கலாம். அதற்கு அவர் செலவிடும் முயற்சி கூடுதல்.

ஆகவே விளைவை மட்டும் அளந்தால் போதாது, முயற்சியையும் அளக்க வேண்டும். அதற்கு நாசா-டிஎல்எக்ஸ் என்ற வேலைச்சுமை வினாத்தாள் பரவலாகப் பயன்படுகிறது. 1988-இல் சாண்ட்ரா ஹார்ட்டும் லோவெல் ஸ்டேவ்லண்டும் வெளியிட்ட அதில் மனச்சுமை, உடற்சுமை, நேர நெருக்கடி, தன் செயலின் தரம், செலவிட்ட முயற்சி, எரிச்சல் ஆகிய ஆறையும் பணி முடித்தவரே மதிப்பிடுவார். தூக்கம் எவ்வளவு என்ற கேள்விக்குத் தவறாக விடை சொல்லும் ஒருவர், இந்த வேலைக்கு எவ்வளவு முயல வேண்டியிருந்தது என்ற கேள்விக்கு ஓரளவு நன்றாகவே விடை சொல்லக்கூடும். உடற்குறிகளும் உண்டு. டேனியல் கானமனும் ஜாக்சன் பீட்டியும் 1966-இல் எண் வரிசைகளை நினைவில் வைக்கச் சொல்லிக் கண்மணியைப் படமெடுத்தார்கள். ஒவ்வோர் எண்ணைக் கேட்கும்போதும் கண்மணி விரிந்தது. எண்களைத் திரும்பச் சொல்லச் சொல்லச் சுருங்கியது. ஆனால் திரையின் வெளிச்சம் மாறினாலும் கண்மணி மாறும் என்பதால், கட்டுப்பாட்டு அறையில் அதை நம்புவது கடினம். இமை மூடியிருக்கும் நேரத்தின் விழுக்காட்டைக் கணக்கிடும் கேமராக்களும் வந்துவிட்டன. அவை தூக்கத்தின் கடைசிப் படியைத்தான் காட்டும்; தண்டவாளம் ஐயா சொன்ன, கண் திறந்திருக்கும் கவனமின்மை அவற்றுக்குச் சிக்காது.

நேர்க்கேள்வி எழுதியது:

எலிச் சோதனையின் விடுபட்ட பாதியை நான் படித்ததில்லை, விளக்கத்துக்கு நன்றி. மங்களூரு எடுத்துக்காட்டையும் ஏற்கிறேன். ஆனால் ஓர் அச்சம் எஞ்சியிருக்கிறது. இந்த எண்கள் ஆபரேட்டரின் பணிப்பதிவேட்டில் ஏறிவிட்டால் என்ன ஆகும்? அடுத்த முறை எல்லோரும் காபி குடித்துவிட்டுத்தான் சோதனைக்கு வருவார்கள், தூக்க அளவுகோலில் எல்லோரும் மிகுந்த விழிப்பு என்ற முதல் எண்ணையே வட்டமிடுவார்கள்.

தண்டவாளம் எழுதியது:

நேர்க்கேள்வி அவர்களின் அச்சம் சரியானது. தூக்கமாக இருக்கிறது என்று ஒருவன் ஒப்புக்கொண்டால் அவனுக்குப் பதில் வேலை பார்க்க ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பதே கொடுமை. இயலாது என்றால் தண்டனை, இயலும் என்றால் விபத்து என்ற நிலையில் எந்தத் தொழிலாளியும் மூன்றைத்தான் வட்டமிடுவான். ரயில் ஓட்டுநர்கள் பணிக்கு இடையே ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் படுக்கை தூய்மையாக இருப்பதும், இரவுப் பணி தொடர்ந்து இத்தனை நாளுக்கு மேல் கூடாது என்று வரையறுப்பதும், எத்தனை அளவுகோலைக் கொண்டுவந்தாலும் அவற்றுக்கு முன்னால் செய்ய வேண்டியவை.

மூன்றாம்ஷிப்டு எழுதியது:

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. இன்று ஷிப்ட் இன்சார்ஜ்களோடும் தொழிற்சங்கப் பிரதிநிதிகளோடும் அமர்ந்து, இந்த இழையை வைத்துப் பேசினோம். ஓய்வெடுத்த நாளில் ஒவ்வொருவருக்கும் விழிப்புச் சோதனை நடத்தி அடிப்படை அளவு எடுப்பது, பிறகு அதே சோதனையை இரவு ஷிப்டில் மூன்று மணிக்கு நடத்துவது, சராசரியை விட்டுத் தவறுகளின் எண்ணிக்கையை எழுதுவது, ஷிப்ட் முடிவில் நாசா-டிஎல்எக்ஸ் தாளில் முயற்சிக்கான வரியைக் கூர்ந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. கரோலின்ஸ்கா தாளையும் நிறுத்தப் போவதில்லை. அதற்கும் விழிப்புச் சோதனைக்கும் இடையே விழும் இடைவெளி எவ்வளவு என்பதையே ஓர் அளவாகக் கொள்ளலாம் என்று எண்கணக்கு அவர்கள் தனிச்செய்தியில் சொன்ன யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தனி ஆளின் எண்கள் அந்த ஆளுக்கும் ஆலை மருத்துவருக்கும் மட்டுமே தெரியும். நிர்வாகத்துக்கு ஷிப்ட் அளவில் தொகுத்த எண்கள் மட்டும் போகும்.

தண்டவாளம் ஐயா சொன்னதன்படி, மணிக்கொரு முறை டிரம் நீர்மட்டம், உலை அழுத்தம், நீராவி வெப்பநிலை ஆகிய மூன்றையும் ஒருவர் விரல் நீட்டி வாய்விட்டுச் சொல்லவும் மற்றவர் பார்த்துத் திரும்பச் சொல்லவும் இந்த வாரமே தொடங்குகிறோம். திரையை அரை மணிக்கு மேல் ஒரே ஆள் பார்க்காதபடி இருக்கையும் மாற்றப்படும். அதற்கு இரவு ஷிப்டுக்குக் கூடுதலாக ஒரு ரிலீவர், அதாவது மாற்று ஆள் வேண்டும். அந்தப் பணியிடத்தைக் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். ஒப்புதல் கைக்கு வந்த பிறகுதான் மூன்று மணிச் சோதனையைத் தொடங்குவது என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.